சிவந்த நதி தெளிந்த கதை



தெளிந்த நீரைக் கண்டால் நம் மனம் மகிழ்கிறது. கலங்கிய நீரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். இது உலக வழக்கம். ஆனால், தெளிவே ஒரு நதியின் நலிவுக்கு அடையாளமாகிவிட்ட விந்தையை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்துப் பாலை நிலத்தில், செம்பாறைகளைப் பிளந்துகொண்டு ஓடும் கொலராடோ நதியின் கதை அது. கொலராடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கே ‘செந்நிறமுடையது’ என்றுதான் பொருள். செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு குங்குமக் குழம்பாய்ப் பாய்ந்த அந்நதி, இன்று ஓரிடத்தில் மரகதப் பச்சையாய், அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி ஓடுகிறது. அந்த இடத்தைத் தேடித்தான் தூண்டிற்காரர்கள் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

என் துணைவரும் தூண்டிற்காரர்தாம். கீழக்கரைக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்; பள்ளிப் பருவத்திலேயே நரம்பும் முள்ளும் கைவரப் பெற்றவர். பணியின் நிமித்தம் நாங்கள் அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸில் குடியேறிய நாள் முதல், ‘லீஸ் ஃபெர்ரி’ என்னும் பெயரை அவர் உச்சரிக்காத வாரம் இல்லை. சென்ற ஏப்ரலில் அந்த வேளை வந்தது. ஊரிலிருந்து என் மாமியாரும் வந்திருந்தார்கள். பன்னிரண்டு வயது மகன், ஒன்பது வயது மகள், நாங்கள் இருவர், மாமி என ஐவராக நான்கு நாள் பயணம் புறப்பட்டோம். அந்தப் பயணத்தில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கள்ளிக்காடும் பைன் காடும்

ஃபீனிக்ஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறியதும், இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் மனிதரைப்போல் சாகுவாரோ என்னும் நெடுங்கள்ளிகள் குன்றுதோறும் காட்சி தருகின்றன. நாற்பது அடி உயரம்கூட வளரக்கூடியவை அவை. இரண்டரை மணி நேரம் வண்டி ஏறிக்கொண்டே போகிறது. கள்ளிகள் மறைகின்றன, புதர்கள் வருகின்றன, புதர்கள் மறைந்து பைன் மரக்காடு தொடங்குகிறது. ஃபிளாக்ஸ்டாஃப் நகரை அடையும்போது 7,000 அடி உயரத்தில் இருக்கிறீர்கள். ஃபீனிக்ஸில் விசிறி தேடிய மாமி, இங்கே கம்பளிச் சால்வையைக் கேட்டார்கள்.

இல்லத்தரசியருக்கு ஒரு செய்தி. இவ்வழியில் ஊர்கள் அரிது. உணவகங்கள் அதனினும் அரிது. நமக்கு ஆகுமான இறைச்சி கிடைக்கும் என்று எண்ணிப் புறப்படலாகாது. நான் அரிசி, பருப்பு, ஊறுகாய், அரைத்த மசாலா, சிறு அடுப்பு ஆகியவற்றோடுதான் கிளம்பினேன். “மசாலா எதற்கு?” என்று மகன் கேட்டான். “உன் வாப்பா மீன் பிடிக்கப் போகிறார்கள் அல்லவா?” என்றேன். வண்டியில் எழுந்த சிரிப்பொலி அடங்க நெடுநேரமாயிற்று.

பூமியின் ஏடுகள்

முதல் நாள் மாலை மாபெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பை அடைந்தோம். படங்களில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், நேரில் காணும் கணத்தில் சொல் எழுவதில்லை. 446 கிலோமீட்டர் நீளம். அகன்ற இடத்தில் 29 கிலோமீட்டர் அகலம். ஒரு மைலுக்கும் மிகுந்த ஆழம். எதிர் விளிம்பு பறவைக்குப் பத்து மைல் தொலைவு. காரில் சுற்றிப் போகும் மனிதனுக்கோ இருநூறு மைலுக்கும் மேல். 1919ஆம் ஆண்டு முதல் இது தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகிறது. எதிர் விளிம்பிலிருந்த பழம்பெரும் தங்குமனை 2025 ஜூலையில் காட்டுத்தீக்கு இரையாகிவிட்டது.

விளிம்போரம் ‘காலத்தின் பாதை’ என்றொரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகளைக் கடந்ததாகக் கணக்கு. ஆங்காங்கே அந்தந்தக் காலத்துப் பாறைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் காலடியிலுள்ள விளிம்புப் பாறையின் வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். அடியிலுள்ள கரும்பாறையோ 170 கோடி ஆண்டுகளைக் கடந்தது. இந்த ஏடுகளை அடுக்கிய காலத்தோடு ஒப்பிட்டால், அவற்றை அறுத்துத் திறந்த நதி நேற்றுப் பிறந்த குழந்தை. இன்றைய பள்ளத்தாக்கைக் கடந்த ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளில் அது குடைந்தெடுத்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

அறுத்தது எதைக்கொண்டு? தண்ணீரைக்கொண்டு மட்டுமன்று. நீர் சுமந்து வந்த மணலும் கற்களும் அரம்போல் உராய்ந்தன. கலங்கல் நீர்தான் இந்தப் பெருஞ்சிற்பத்தின் உளி என்பதை, வாசகர்களே, நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். நதியின் கலக்கத்துக்கு மீண்டும் நாம் வருவோம்.

என் மகள் விளிம்புப் பாறையில் சிப்பி வடிவம் ஒன்றைக் கண்டு கூவினாள். ஏழாயிரம் அடி உயரத்தில் சிப்பியா? ஆம், அந்தப் பாறை ஆதியில் கடலடிச் சேறு. “அப்படியானால் இங்கேயும் தூண்டில் போட்டிருக்கலாம்” என்றார் என் துணைவர். சிப்பியைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவந்தோம்.

மறுநாள் காலை, பூங்காவின் கிழக்கெல்லையில் 1932இல் மேரி கோல்ட்டர் என்னும் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கல் கோபுரத்தில் ஏறினோம். அங்கிருந்து நதி தெரிகிறது. அத்தனை உயரத்திலிருந்து அது ஒரு நூலிழை. தொலைநோக்கியைப் பிள்ளைகளிடம் தர மறுத்து, அரை மணி நேரம் அந்த நூலிழையையே பார்த்துக்கொண்டு நின்றவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

தண்ணீர் வண்டிகள்

அங்கிருந்து இறங்கினால் கேமரன் என்னும் சிற்றூர். அதையொட்டிச் ‘சின்னக் கொலராடோ’ என்னும் கிளையாறு ஓடுகிறது. நாங்கள் கண்டபோது அது வெறும் மணற்படுகை. ஆயினும், பேராற்றோடு கலக்குமுன் ஊற்றுகள் பெருகி நீலநிறம் கொள்ளும் இந்தக் கிளையாற்றின் பெயரையும் நினைவில் வையுங்கள்.

கேமரன் நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடச் சற்றுப் பெரிய நிலம். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதில்லை. நவாஹோ நிலம் நகர்த்துகிறது. ஆகவே, எல்லை கடக்கும்போதெல்லாம் கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். படகுக்கோ வழிகாட்டிக்கோ முன்பதிவு செய்பவர்கள், ‘யாருடைய நேரம்?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாலையோரத்தில் சிற்றுந்துகள் நின்றன. ஒவ்வொன்றின் பின்புறமும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. என் மாமி உற்றுப் பார்த்துவிட்டு, “இது தண்ணீர் வண்டி அல்லவா? இங்கேயுமா?” என்றார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு தண்ணீருக்கு நடந்தவர்களின் கண்ணுக்கு அது தப்புமா?

மாமி சொன்னது சரிதான். நவாஹோ நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய் நீர் இல்லை. கொலராடோ நதி அவர்கள் நிலத்தின் ஓரத்தைத் தழுவிக்கொண்டுதான் ஓடுகிறது. ஆனால் அந்த நீரில் அவர்களுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது நெடுங்கால வழக்கு. 1868ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அந்த உடன்படிக்கை, நீரைப் பெற்றுத்தர வேண்டிய கடமையை அரசின் மீது சுமத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் அவ்வாறு கூற, நால்வர் மாறுபட்டனர்.

வண்டி நகர்ந்தது. கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்ட மாமி, நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

பாலமும் பெருங்கழுகும்

வெர்மிலியன் குன்றுகளின் செஞ்சுவர் எழும்ப, நவாஹோ பாலத்தை அடைந்தோம். நதிக்கு மேலே 467 அடி உயரத்தில் நிற்கும் இரட்டைப் பாலம் அது. 1929இல் திறக்கப்பட்ட பழைய பாலம் நடப்பவர்களுக்கு. 1995இல் கட்டப்பட்ட புதிய பாலம் வாகனங்களுக்கு. பழைய பாலம் வருமுன், சில மைல் மேலே இருந்த படகுத்துறைதான் ஒரே வழி. நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு இருபுறமும் செங்குத்துச் சுவர். வண்டிகள் நீர் விளிம்புவரை இறங்கக்கூடிய இடம் அது ஒன்றே. 1870களில் ஜான் டி. லீ என்பவர் அங்கே படகு விடத் தொடங்கினார். அவர் பெயரே ‘லீஸ் ஃபெர்ரி’ என்று நிலைத்தது. 1928இல் படகு கவிழ்ந்து மூவர் மாண்ட பிறகு படகுப் போக்குவரத்து நின்றது.

பாலத்தின் இரும்புச் சட்டத்தில் ஒரு பெரும் பறவை அமர்ந்திருந்தது. கலிஃபோர்னியா காண்டார் என்னும் பெருங்கழுகு. சிறகை விரித்தால் ஒன்பதரை அடி! 1982இல் உலகம் முழுவதிலும் 22 பறவைகளே எஞ்சியிருந்தன. அவற்றைப் பிடித்து வளர்த்துப் பெருக்கி, 1996 முதல் இந்தக் குன்றுகளில் விடுவித்து வருகிறார்கள். ஒவ்வொன்றின் சிறகிலும் எண் பொறித்த அட்டை. பிள்ளைகள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அழிவின் விளிம்புக்குத் தள்ளியதும் மனிதன். அங்கிருந்து மீட்க ஒவ்வோர் உயிராக எண்ணிக்கொண்டிருப்பதும் மனிதன்!

பச்சை நீரில் வானவில் மீன்

இனி லீஸ் ஃபெர்ரி. விடியற்காலையில் என் துணைவர் ரப்பர் காற்சட்டை அணிந்து இடுப்பளவு நீரில் இறங்கினார். நீர் பனிக்கட்டியைத் தொட்டாற்போல் குளிர்ந்தது. இரு கரைகளிலும் செம்பாறைச் சுவர்கள்; நடுவே கண்ணாடிப் பச்சை நீர்; அதில் மீன்கள் நிழலாய் அசைவது கரையிலிருந்தே தெரிந்தது.

இங்கே தூண்டில் போடுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மாநில அரசின் உரிமச் சீட்டு பெற வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. இத்துறைக்கு மேற்பட்ட நீரில் உயிருள்ள இரை கூடாது. செயற்கையான பொய்யிரைதான். முள்ளின் நுனிக்குப் பின்னே, மாட்டிய மீனைக் கழலவிடாமல் பற்றும் சிறு பல் இருக்கிறதே, அது இல்லாத முள்தான் ஆகும். மீனை விடுவிக்கும்போது அதன் வாய் கிழியாதிருக்கவே இந்த ஏற்பாடு.

ஒரு மணி நேரத்தில் முதல் மீன் சிக்கியது. ரெயின்போ ட்ரவுட்! பெயருக்கேற்ப உடலின் நெடுக இளஞ்சிவப்புக் கோடு வானவில்லாய் ஒளிர்ந்தது. கம்பு வளைந்தது, நரம்பு இசைத்தது, என் துணைவரின் முகத்திலோ பத்து வயதுச் சிறுவனின் பூரிப்பு. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே பிடித்து முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். கரையிலிருந்த மாமிக்குத் தாளவில்லை.

“பிடித்த மீனை விடுவதற்கா இத்தனை தூரம் வந்தோம்? உண்பதற்கு இல்லையென்றால் அந்த வாயில்லா உயிரை ஏன் வருத்த வேண்டும்?”

விளையாட்டாகத் தூண்டில் போடும் எவரும் பதில் சொல்லத் திணறும் கேள்வி இது. என் துணைவரும் புன்னகைத்தாரே அன்றிப் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்து மகள் கேட்ட கேள்விதான் அந்தக் காலைப்பொழுதையே திருப்பிவிட்டது.

“வாப்பா, இது இந்த ஆற்று மீன்தானா?”

அருகில் தூண்டில் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்க முதியவர் ஒருவரிடம் என் துணைவர் அக்கேள்வியைப் பெயர்த்துச் சொன்னார். அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். “இல்லை, குழந்தாய்! மீனும் இந்த ஊருக்கு உரியதன்று, இந்தக் குளிரும் இந்த ஆற்றுக்கு உரியதன்று” என்றார். பிறகு கீழ்ப்புறமாகக் கை நீட்டினார்.

அங்கே பரியா என்னும் சிற்றாறு வந்து கலக்கிறது. ‘சேற்று நீர்’ என்று அப்பெயருக்குப் பொருள் கூறுகிறார்கள். செங்காவி நீர் ஒருபுறம், பச்சை நீர் ஒருபுறம் எனச் சிறிது தூரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடின. “அந்தக் காவி நிறம்தான் இந்த ஆற்றின் சொந்த நிறம்” என்றார் முதியவர்.

அணையின் அடியில்

முதியவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள, அங்கிருந்து பதினைந்து மைல் மேலே உள்ள கிளென் கேன்யன் அணையைப் பார்க்க வேண்டும். 710 அடி உயரக் கான்கிரீட் சுவர் அது. 1956இல் பணி தொடங்கி, 1963 மார்ச்சில் நீரைத் தேக்கலானார்கள். பவல் ஏரி என்னும் அந்த நீர்த்தேக்கம் முதன்முறையாக நிரம்ப 1980 வரை, பதினேழு ஆண்டுகள் ஆயின. 1869இல் மரப்படகுகளில் இந்த நதியின் பள்ளத்தாக்குகளைக் கடந்து சென்ற, போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவலின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

நதி சுமந்துவந்த மணலும் வண்டலும் அந்த ஏரியின் தலைமாட்டிலேயே படிந்துவிடுகின்றன. ஏரியின் ஆழத்திலிருந்து, கதிரவன் ஒளி படாத அடுக்கிலிருந்து, மின் உற்பத்திக்காக எடுக்கப்படும் நீரே கீழே விடப்படுகிறது. ஆகவேதான் அது தெளிவாக இருக்கிறது, ஆகவேதான் குளிர்ந்திருக்கிறது. அணைக்கு முன்பு இந்நதி குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும். கோடையிலோ 25 பாகை செல்சியசையும் கடந்து வெதுவெதுக்கும். அணைக்குப் பிறகு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ எட்டு முதல் பத்துப் பாகையாக நின்றது. அந்தக் குளிர்நீருக்கு ஏற்ற மீனாக, பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய ட்ரவுட்டை 1964 முதல் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின, தூண்டிற்காரர்கள் கூடினார்கள், விடுதிகளும் படகுகளும் வழிகாட்டிகளும் வந்தனர். இன்று பல குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு.

சொந்த மீன்களுக்கு என்ன நேர்ந்தது? மாபெரும் பள்ளத்தாக்கில் எட்டு வகை மீன்கள் ஆதியில் வாழ்ந்தன. மூன்று வகைகள் அங்கிருந்து மறைந்தே போயின. அவற்றுள் ஒன்று, ஆறடி நீளம்வரை வளர்ந்ததாகக் கூறப்படும் பைக்மின்னோ. எஞ்சியவற்றுள் ஹம்ப்பேக் சப் என்னும் கூன் மீன் குறிப்பிடத்தக்கது. தலைக்குப் பின்னே திமில்போல் ஒரு மேடு. கலங்கல் வெள்ளத்திலும் நிலைத்து நிற்க ஏற்ற உடல். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழும் ஆயுள். பேராறு குளிர்ந்துபோனதால், இன்றும் வெதுவெதுப்பாகவும் அவ்வப்போது கலங்கியும் ஓடும் சின்னக் கொலராடோவில்தான் அது பெரும்பாலும் இனம் பெருக்கி உயிர் தரித்திருக்கிறது. கேமரனில் வெறும் மணலாய்க் கண்டோமே, அந்தக் கிளையாறுதான்!

இந்தக் கூன் மீனைக் காக்க, 2003 முதல் 2006 வரை அந்தச் சங்கமத்தையொட்டி ட்ரவுட் மீன்களை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றினார்கள். நீர்வாழ் உயிர்களைத் தம் உறவாகக் கருதும் ஸூனி பழங்குடியினர், இத்தனை உயிர்களைக் கொல்வது தகாது என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். மனிதனே கொண்டுவந்த மீனை மனிதனே கொன்று தீர்ப்பதா? கொல்லாவிடில் ஆதி மீன் அழிவதா? எந்தப் பக்கம் நின்றாலும் மனம் உறுத்தும் வழக்கு அது. கூன் மீனின் எண்ணிக்கை பின்னர் பெருகியதால், 2021இல் அது ‘அழிவின் விளிம்பிலுள்ளவை’ என்னும் பட்டியலிலிருந்து ஒரு படி கீழிறக்கப்பட்டது.

அணையின் மேல் நின்று ஏரியைப் பார்த்தோம். செம்பாறைச் சுவர்களில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை. நீர் நின்று வற்றிய சுவடு அது. 2023 பிப்ரவரியில் ஏரி, நிரம்பிய மட்டத்துக்கு ஏறத்தாழ 180 அடி கீழே போயிற்று. மேல்மட்டம் இறங்க இறங்க, வெயிலில் சூடேறிய நீர் மதகுகளுக்கு அருகே வந்துவிடுகிறது. அந்நீரோடு, ஏரியில் வளர்ந்த ஸ்மால்மௌத் பாஸ் என்னும் கொடிய இரைதின்னி மீனும் அணையைக் கடந்து இறங்கிற்று. 2022இல் அது கீழ்நதியில் குஞ்சு பொரித்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கூன் மீனையும் விழுங்கும், ட்ரவுட்டையும் விடாது. அதைத் தடுக்க 2024இல் மின் உற்பத்தியின் ஒரு பகுதியை இழந்து, ஆழத்துக் குளிர்நீரை வேறு குழாய்கள் வழியே திறந்துவிட்டார்கள். எந்தக் குளிர் ஆதி மீன்களை விரட்டியதோ, அந்தக் குளிரையே அவற்றின் காவலுக்கு அழைக்க வேண்டியதாயிற்று!

டி.எம்.சி. கணக்கு

லீஸ் ஃபெர்ரி மீன்துறை மட்டுமன்று, நீதித்துறையின் எல்லைக்கல்லும்கூட. 1922ஆம் ஆண்டின் ஒப்பந்தம், பரியா கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளியைக் குறித்து, ஏழு மாநிலங்களையும் மேற்படுகை, கீழ்ப்படுகை என இரண்டாகப் பிரித்தது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், ஒவ்வொரு படுகைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 327 டி.எம்.சி. 1944இல் மெக்சிகோவுக்கு இன்னும் 65 டி.எம்.சி. உறுதி கூறப்பட்டது. மொத்தம் 719. ஆனால் மழை மிகுந்த ஆண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. 2000த்துக்குப் பிறகு நதியில் சராசரியாக வருவது 540 டி.எம்.சி. அளவுதான். இல்லாத நீரைப் பங்கு போட்ட பாகப்பத்திரம்! அதை எழுதிய மேசையில் பழங்குடியினர் எவருக்கும் இடமிருக்கவில்லை.

ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் இந்நதியை நம்பியிருக்கிறார்கள். ஆயினும் நீரின் பெரும்பகுதி வேளாண்மைக்கே செல்கிறது. அதிலும் மாட்டுத் தீவனமாகிய குதிரைமசாலுக்குப் பெரும் பங்கு. நதி கடலைச் சென்றடைவதே அரிதாகிவிட்டது. 2014இல் இரு நாடுகளும் இசைந்து நீர் திறந்துவிட்டபோது, சில நாட்கள் அது மீண்டும் கடலைத் தொட்டது.

எங்கள் ஃபீனிக்ஸ் வீட்டுக் குழாய்க்கும் இந்நதிக்கும் உறவுண்டு. 540 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்று பாலைவனத்தின் குறுக்கே நீரை மேடேற்றிக் கொண்டுவருகிறது. 2022ஆம் ஆண்டுக்கு முதன்முறையாகத் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டு, அரிசோனாவின் பங்கில் 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. நகரங்களைவிட, பினால் மாவட்டத்து உழவர்களுக்கே அந்த அடி பலமாக விழுந்தது. பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ள 2007இல் வகுத்த விதிகள் 2026 வரைக்குமானவை. அடுத்த பாகப்பத்திரத்தை எழுதும் மேசையில் யார் யார் அமர்வார்கள், நதிக்கென்று எவரேனும் பேசுவார்களா என்பதே இன்றுள்ள கேள்வி.

செல்வோருக்குச் சில சொற்கள்

இன்ஷா அல்லாஹ், நீங்கள் ஒருநாள் அங்கே செல்வீர்களாயின் சிலவற்றை மறவாதீர்கள். பள்ளத்தாக்கில் இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம். அடிவாரம் விளிம்பைவிடப் பத்துப் பாகை அளவுக்கு வெப்பம் மிகுந்தது. ஒரே நாளில் நதிவரை இறங்கித் திரும்ப முயலாதீர்கள். குதிரை லாட வடிவில் நதி வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்னுமிடத்தில் ஆயிரம் அடிச் செங்குத்துச் சரிவு. ஒரு பகுதிக்குத்தான் கம்பி வேலி. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஒடுங்கிய மணற்பாறை இடுக்குகளில் ஒளி விளையாடும் ஆன்டிலோப் கேன்யனுக்கு நவாஹோ வழிகாட்டியின்றிப் போக இயலாது. 1997 ஆகஸ்டு 12ஆம் நாள், பல மைல் தொலைவில் பெய்த மழை வெள்ளமாய்ப் பாய்ந்து அங்கே பதினொரு உயிர்களைக் கொண்டுபோயிற்று. தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

மீன் சுட்ட மாலை

லீஸ் ஃபெர்ரியில் என் துணைவர் மூன்று மீன்கள் பிடித்தார். இரண்டை விட்டார், ஒன்றை, விதி அனுமதித்தபடி, வைத்துக்கொண்டார். அது மாமியின் கேள்விக்கு அவர் தந்த பதிலா என்று நான் கேட்கவில்லை. மாலையில் முகாமிடத்தில் மசாலா தடவிச் சுட்டோம். பிள்ளைகள் ஆவலோடு தின்றார்கள். மாமி ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு, “நல்ல மீன்தான். ஆனால் கடலின் உப்பும் இல்லை, குளத்தின் மண் வாசமும் இல்லை, எந்த ஊர் என்று சொல்லத் தெரியாத மீன்” என்றார்கள். அதைவிடச் சுருக்கமாக அந்த ஆற்றின் வரலாற்றை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

ஃபீனிக்ஸ் திரும்பிய பிறகும் என் துணைவர் தூண்டிலைக் கைவிடவில்லை. ஆனால் இப்போது எந்த நீர்நிலைக்குப் போனாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: ‘இந்த ஆற்றின் சொந்த மீன் எது?’ மகள் கற்றுத்தந்த கேள்வி அது. வாசகர்களே, உங்கள் ஊர் ஆற்றங்கரையிலும் கண்மாய்க் கரையிலும் நின்று நீங்களும் ஒருமுறை அதைக் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால், இன்றே போய் அவரருகில் அமருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.